கேட்டுட்டு எடுங்கோ

யாழ்ப்பாணத்தில் மாதத்துக்கு ஒருதரமாவது ஏதோவொரு கமரா கழகம் எங்கேயோ ஓரிடத்துக்கு 'போட்டோ வோக்' போகிறது. நெடுந்தீவு, மணற்காடு, தொண்டைமானாறு, வலிகாமம் வடக்கு, மன்னார். நாங்களும் போகிறோம். எங்கட பீடத்திலேயே கடன்பட்டு கமரா வாங்கின ஆக்கள் இருக்கினம். விடியக் காலமை எழும்பி, பாணும் சம்பலும் கட்டிக்கொண்டு, சொந்த ஊரைக் கண்ணால் பார்க்கப் போவது நல்ல விசயம். ஆகவே 'கமரா தூக்கினதுகள் எல்லாம் சும்மா சுத்துதுகள்' என்று சொல்லும் பெரியவர்களோடு நாங்கள் இல்லை. எங்கட சண்டை வேற. போன இடத்தில் இருக்கிற மனிசரைக் கழகங்கள் எப்படி நடத்துகின்றன என்பதுதான்.

எந்தக் கழகத்தின் கண்காட்சிக்கும் போய்ப் பாருங்கள். சுருக்கம் விழுந்த ஒரு கிழவியின் முகம், கறுப்பு வெள்ளையில், தலைப்பு 'காத்திருப்பு'. வலையோடு ஒருவரின் முதுகு, 'போராட்டம்'. மேற்சட்டை இல்லாத ஒரு பிள்ளை, 'வறுமையிலும் புன்னகை'. படத்தின் கீழே கமராவின் பெயர், லென்ஸின் பெயர், அப்பேச்சர், ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ. மூலையில் எடுத்தவரின் பெயர் வளைஞ்ச எழுத்தில். லென்ஸுக்குக்கூடப் பெயர் இருக்கு. அந்தக் கிழவிக்கு இல்லை.

இது புதுப் பழக்கமும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்கோவன், பிளாட்டே போன்ற ஸ்ரூடியோக்கள் இலங்கையில் படமெடுத்து, 'தமிழ்ப் பெண்', 'கூலி' என்றெல்லாம் தலைப்புப் போட்டு வெள்ளைக்காரருக்கு விற்றன. படத்தில் நின்ற பெண்ணுக்கு ஒரு தாய், ஒரு தெரு, ஒரு பெயர் இருந்திருக்கும். வாங்குகிறவருக்கு அது தேவைப்படவில்லை. இன்று தேயிலைத் தோட்டத்துக்குப் போய் 'கொழுந்து பறிக்கும் தேவதை' என்று தலைப்பு வைக்கிற எங்கட பெடியனுக்கும் தேவைப்படவில்லை. நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆவதற்கே அந்தப் பெண்கள் 2021 வரை கத்த வேண்டியிருந்தது. தேவதையாம்.

உலகத்துக்கே தெரிந்த கதை ஒன்றும் இருக்கு. 1984இல் பாகிஸ்தான் அகதி முகாமொன்றில் ஸ்டீவ் மக்கரி எடுத்த ஆப்கான் சிறுமியின் படம் 1985 யூனில் 'நஷனல் ஜியோகிரபிக்' அட்டையில் வந்தது. அந்தப் பச்சைக் கண்கள் போகாத நாடில்லை. அவருடைய பெயர் சர்பத் குலா என்பது 2002இல் தேடிப் போய்க் கண்டுபிடித்த பிறகுதான் வெளியில் தெரிந்தது. அதுவரை தன்னுடைய படத்தை அவர் பார்த்ததுகூட இல்லை. பதினேழு வருசம்! இந்தப் படத்தைத்தான் எங்கட பயிற்சிப் பட்டறைகளில் 'உணர்வைப் பிடிப்பது எப்படி' என்று சொல்லித்தருகிறார்கள். பிந்தின பாதியை யாரும் சொல்வதில்லை.

மக்கரிக்கு அந்தப் பிள்ளையின் மொழி தெரியாது. எங்களுக்கு என்ன சாட்டு? நெடுந்தீவில் முருகைக்கல் வேலிக்கு மேலால எட்டிப் பார்க்கிற அம்மாவும் நாங்களும் ஒரே தமிழ்தான் கதைக்கிறோம். 'அம்மா, ஒரு படம் எடுக்கட்டே?' நாலே நாலு சொல். இதைக் கேட்க வெட்கப்படுகிறவர், கிணத்தடியில் நிற்கிற ஒரு பெட்டையை 300 மில்லிமீற்றர் லென்ஸால் தூரத்தில் நின்று எடுக்க மட்டும் வெட்கப்படுவதில்லை. அந்தப் படம் பேஸ்புக்கில் ஏறினால் சின்ன ஊரில் அவளுக்கு வீட்டில் என்ன நடக்கும் என்பது எங்களுக்குத் தெரியாததா? பகிடி என்னெண்டால், அனுமதி என்றால் என்னவென்று கழகங்களுக்கு நல்லாத் தெரியும். இராணுவ முகாமடியில் 'படம் எடுக்கத் தடை' என்ற பலகையைக் கண்டதும் அத்தனை கமராவும் பையுக்குள் போகுது. முள்ளுக்கம்பிக்குக் குடுக்கிற மரியாதை வேலிக்கரை அம்மாவுக்குக் கிடையாது.

'கேட்டால் இயல்பு போயிடும்' என்பார்கள். போகும்தான், முதல் ஐந்து நிமிசத்துக்கு. பிறகு அவர் தன்ர வேலையைப் பார்ப்பார், நீங்கள் உங்கட வேலையைப் பார்க்கலாம். அந்த அரை மணித்தியாலம் நிற்க நேரமில்லாதவருக்கு இயல்பைப் பற்றி என்ன கதை? 'பொது இடம், சட்டப்படி எடுக்கலாம்' என்பது இன்னொரு பதில். சட்டத்தைக் காட்டி மனிசரோடு பழகிறவையோட நாங்கள் என்னத்தைக் கதைக்கிறது.

வலிகாமம் வடக்குக்கு வருவோம். கூரையில்லாத வீடுகள், சுவரைப் பிளந்து நிற்கிற ஆலமரம், உள்ளே விழுகிற வெயில். படத்துக்கு அருமையான இடம், கலியாணச் சோடிகளும் வந்து நிற்கினம். 1990இல் அந்தச் சனம் எழும்பி ஓடினது. மயிலிட்டித் துறைமுகம் விடுபட 2017 யூலை வந்தது. இடைப்பட்ட காலத்தைக் கோணப்புலம், சபாபதிப்பிள்ளை முகாம் என்று கொட்டில்களில் கழித்த குடும்பங்கள் இருக்கின்றன. நீங்கள் 'காலத்தின் சாட்சி' என்று தலைப்புப் போடுகிற வீட்டுக்கு உறுதிக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டை இடித்தது காலமில்லை.

எங்களுக்கு உண்மையாகவே கோபம் வந்தது ஒரு படத்தைப் பார்த்துத்தான். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் இருந்த போராட்டம் எல்லாருக்கும் தெரியும். அப்படியொரு போராட்டத்தில் எடுத்த படம். தாயின் கன்னத்தில் வழிகிற கண்ணீர் ஊசி முனைபோலத் தெளிவு. அவர் நெஞ்சோடு பிடித்திருக்கிற மகனின் படம் மங்கல். பின்னணியை மங்கலாக்கினால் அழகு என்று யாரோ சொல்லிக்குடுத்திருக்கினம். அந்த அம்மா அவ்வளவு வெயிலுக்குள் இருந்தது அந்த முகத்தைக் காட்டத்தான். அதைக் கமரா அழிச்சுப்போட்டு, அவர் காட்ட விரும்பாத கண்ணீரை எடுத்துக்கொண்டு போய்ப் பரிசும் வாங்கியிருக்கு.

இந்த மண்ணில் ஒரு போட்டோ எவ்வளவு பெறுமதி என்று அந்தத் தாய்மாரிடம் கேட்கலாம். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து அல்பங்களைத் தொலைத்த வீடுகள் எத்தனை? பலருக்கு மிஞ்சியது அடையாள அட்டைப் படம்தான். அதைத்தான் பெரிசாக்கி லமினேற் பண்ணிக் கையில் வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊர்களுக்கு இருபது பேர் இருபது கமராவோடு போய், ஆயிரக்கணக்கில் படம் எடுத்து, ஒரு பிறின்ற் கூடக் குடுக்காமல் பின்னேர லோஞ்சில் திரும்பி வருகிறார்கள். குறிகட்டுவானில் இறங்கினதும் செல்ஃபி வேற. அதே கடற்பாதையில்தான் 1985 மே 15ஆம் திகதி 'குமுதினி' படகில் வந்த சனத்தை வெட்டிக் கொன்றார்கள். அந்தத் தீவில் எந்தெந்த வீட்டில் யாருடைய படம் இல்லாமல் போனதென்று கேட்டுப் பார்த்த கழகம் ஒன்றை நாங்கள் இன்னும் காணவில்லை.

ஒரு பிறின்ற் அடிக்கிற செலவு ஒரு ரோல்ஸும் பிளேன்ரீயும் குடிக்கிற காசு வராது. ஒவ்வொரு பயணத்துக்கும் சேர்க்கிற காசில் அதற்கென்று கொஞ்சம் ஒதுக்குங்கோ. பெயரைக் கேட்டு எழுதுங்கோ. போட வேண்டாம் என்றால் போடாதேங்கோ, படத்தையும் சேர்த்து. அடுத்த முறை வேறு ஊருக்குப் போக முதல் போன ஊருக்கு ஒருக்காப் போய்ப் படங்களைக் குடுத்திட்டு வாங்கோ. கண்காட்சியை யாழ்ப்பாண மண்டபத்தில் நாடா வெட்டித் திறக்க முதல் அந்த ஊர்ச் சனசமூக நிலையத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கோ. 'என்ர மூக்கு இப்பிடியே?' என்று அந்தச் சனம் சிரிக்கட்டும், திட்டட்டும், தலைப்பை மாத்தச் சொல்லட்டும். எந்த நடுவரின் புள்ளியையும்விட அது உங்கட படத்துக்குப் பிரயோசனம்.

அடுத்த பயணம் மன்னாராம், பூநாரை பார்க்க. பூநாரையிட்ட ஒண்டும் கேக்கத் தேவையில்லை. பள்ளிமுனைக் கரையில் வலை திருத்துகிறவையிட்டக் கேளுங்கோ. நெடுந்தீவுப் படங்கள் இன்னும் குடுபடேல்ல.