தனி வீடா, ஒண்டுக்குடித்தனமா?

வீட்டுக்கு ஒரு ஃபைல் சர்வர் வைக்கலாம் என்று முடிவு செய்தவரை பிரச்னை இல்லை. எப்படி வைப்பது என்று மச்சினனைக் கேட்டேன் பாருங்கள், அங்கே பிடித்தது சனி.

சர்வர் என்றதும் பயந்துவிடாதீர்கள். ஆபீஸில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர், 8 ஜிபி மெமரி, புதிதாக இரண்டு டிஸ்க். உள்ளே போக வேண்டியவை: கல்யாண ஆல்பம், பையனின் போட்டோக்கள், அப்புறம் 1993-ல் அப்பா டேப் ரிக்கார்டரில் பேசி வைத்த அரை மணி நேரம். அப்பா இப்போது இல்லை. கேசட்டும் பூஞ்சை பிடித்துப் போய்விட்டது. மிச்சம் அந்த ஒரு ஃபைல்தான்.

"மாமா, ப்ராக்ஸ்மாக்ஸ் போட்டு, அதுக்குள்ள ட்ரூநாஸை விர்ச்சுவல் மெஷினா ஓட்டுங்க. கூடவே கேமரா ரிக்கார்டிங், அது, இது... ஒரே மெஷின்ல நாலு வேலை!"

எனக்குப் புரிகிற பாஷையில், ஒண்டுக்குடித்தனம். ஒரு வீடு, நாலு போர்ஷன், மேலே ஹவுஸ் ஓனர். புது சமாசாரமும் இல்லை. 1972-லேயே ஐபிஎம் தன் பெரிய மெஷின்களுக்கு விஎம்/370 என்று இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்துவிட்டது. சௌகரியமும் உண்டு. அப்டேட் போட்டுச் சொதப்பினால் நேற்றைய நிலைமைக்குத் திரும்பிவிடலாம்.

வில்லங்கம் டிஸ்க்கில். ட்ரூநாஸ் நம்பியிருக்கும் இசட்எஃப்எஸ், ஒவ்வொரு துண்டுத் தகவலையும் கணக்குப் பார்த்துச் சரிபார்க்கிற பேர்வழி. ஓனர் ஒரு ஃபைலைக் காட்டி 'இதுதான் உன் டிஸ்க்' என்றால், நிஜ டிஸ்க்குக்குக் காய்ச்சலா, சாகக் கிடக்கிறதா என்று போர்ஷன்காரருக்குத் தெரியாது.

"அதுக்கு பாஸ்த்ரூ இருக்கு மாமா. டிஸ்க் கன்ட்ரோலரையே அந்தப் போர்ஷனுக்குக் கொடுத்துடலாம்."

அதாவது தனி மீட்டர். ஆனால் என் மெஷினில் இருப்பதோ ஒரே கன்ட்ரோலர், ஓனரும் அதில்தான் குடியிருக்க வேண்டும். தனி கார்டு வாங்கினாலும், பாஸ்த்ரூ கொடுத்த போர்ஷனுக்கு உண்டான மெமரியை முழுசாக ஒதுக்கிவிட வேண்டும். ட்ரூநாஸ் கேட்பதே குறைந்தது 8 ஜிபி. ஓனர் திண்ணையிலா படுப்பார்?

மனைவி ஒரே கேள்வி கேட்டாள். "நீங்க ஊர்ல இல்லாதப்ப இது படுத்துடுச்சுன்னா, மாமா குரலை நான் எப்படி எடுக்கறது?"

நேரடியாகவே போட்டேன்.

ஆறாவது மாதம், நான் வெளியூரில் இருந்தபோது, மெஷினின் பவர் சப்ளை புகைந்து செத்தது. இரண்டு டிஸ்க்கையும் கழற்றி, தம்பி வீட்டுக்குக் கொண்டுபோனாள். அவனுடைய ப்ராக்ஸ்மாக்ஸுக்கும் இசட்எஃப்எஸ் தெரியும். 'இசட்பூல் இம்போர்ட்' என்று ஒரு கட்டளை. 'இது வேறு மெஷினுடையது ஆச்சே' என்று முறைத்தது. வற்புறுத்தியதும் வந்துவிட்டது. போனை ஸ்பீக்கர் பக்கத்தில் பிடித்தாள். லாட்ஜ் அறையில் உட்கார்ந்து கேட்டேன்.

"ஏண்டா, சிவப்பு லைட் எரியுதா? பேசலாமா?"

நியாயமாகச் சொன்னால், தனி மீட்டர் கொடுத்திருந்தாலும் இதே மாதிரி வந்திருக்கும். ஓனர் கையில் வெறும் ஃபைலாக இருந்திருந்தால்தான், முதலில் ஓனரைப் பிழைக்க வைத்து, அப்புறம் அப்பாவைத் தேட வேண்டியிருக்கும். மெமரி தாராளம், தனி கார்டும் உண்டு என்றால் குடி வையுங்கள். இல்லையா, நேரடியாகப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.

இரண்டு டிஸ்க்கிலும் ஒரே சரக்கு என்பது பேக்கப் ஆகாது. பையன் கை தவறி அழித்தால் இரண்டிலும் அழியும். ஆகவே மூன்றாவது காப்பி இப்போது மச்சினன் மெஷினில்.

கடைசியில் அப்பாவை ஒண்டுக்குடித்தனத்தில்தான் விட்டிருக்கிறேன். வாடகை, மாதம் ஒரு பிரியாணி.