கேட்காத பாடத்துக்குப் பரீட்சையா?



"தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது" என்கிறார்கள். முதலில் பாடம் அந்தப் பிள்ளையின் காதில் விழுகிறதா? கொடகவெலப் பக்கத்து மழையை நாம் அறிவோம். தகரக் கூரையில் அது கொட்டும்போது, ஆசிரியர் தொண்டை கிழியக் கத்தினாலும் கடைசி வாங்குக்கு எட்டாது. தடுப்புச் சுவரில்லாத ஒரே மண்டபத்தில் மூன்று வகுப்பு நடந்தால் வெயில் நாளிலும் அதே கதிதான்.

பாட நேரத்தில் வகுப்பறையின் இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999இலேயே சொல்லிவிட்டது. அது கிசுகிசுப்பதற்குச் சற்று மேலான சத்தம்தான்.

தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இல். ஆகவே இனித் துரைமாரைக் கைகாட்டித் தப்ப முடியாது. ரிப்பன் வெட்ட வருகிறவர்கள் மழை நாளில் வந்து கடைசி வாங்கில் உட்காரட்டும்!

நாம் கேட்பது ஆடம்பரமல்ல. தகரத்துக்குக் கீழே சீலிங் வேண்டும். வகுப்புக்கு வகுப்பு கூரை வரை சுவர் வேண்டும்.

அடுத்த மழையன்று ஆசிரியர் பத்துச் சொற்களை வாசிக்கட்டும். முன்வாங்குப் பிள்ளைகளும் கடைசி வாங்குப் பிள்ளைகளும் கேட்டதை எழுதட்டும். அந்தத் தாள்களைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் வைப்போம். பிறகு வலயக் கல்விப் பணிமனைக்கும் கொண்டுபோவோம். நம் பிள்ளைகளை மக்கு என்று சொல்லும் முன், அந்தத் தாள்களுக்குப் பதில் சொல்லட்டும்.