அங்க அடையாளமும் அறிவின் அடையாளமும்

வருஷந்தோறும் கோடை விடுமுறை முடியும் தறுவாயில், நமது பள்ளிக்கூடத்துக் காரியாலயத்தின் முன் ஒரு சிறு கூட்டம் சேரும். ஒரு சாரார் டி.ஸி. வாங்க வந்தவர்கள், மற்றொரு சாரார் டி.ஸி.யுடன் வந்தவர்கள். உத்தியோக மாற்றம், ஜாகை மாற்றம், சம்பளம் கட்ட முடியாத கஷ்டம், "அந்தப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நன்றாகச் சொல்லித் தருகிறார்களாம்" என்னும் அண்டை வீட்டார் சிபாரிசு என்று காரணங்கள் பல. பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்க, குழந்தை ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதை யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

டி.ஸி. என்னும் அந்தக் காகிதத்தை நேயர்கள் எப்பொழுதாவது நிதானமாக வாசித்ததுண்டா? பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, வகுப்பு, நடத்தை எல்லாம் அதில் இருக்கும். இடது முழங்கையில் ஒரு மச்சம் என்று அங்க அடையாளமும் இருக்கும். ஆனால் பையனுக்குப் பின்னக் கணக்கு வருமா, எந்தப் பாடம் வரையில் படித்திருக்கிறான் என்பவற்றைக் குறிக்க அதில் இடமே கிடையாது. மச்சத்தைக் கொண்டு ஆளை அடையாளம் காணலாம். படிப்பை எதைக் கொண்டு காண்பது?

இது வேடிக்கைப் பேச்சு அன்று. நாமே செய்த பிழை ஒன்றைச் சொல்லுகிறோம். சில வருஷங்களுக்கு முன், காலாண்டுப் பரீட்சை முடிந்த சமயம், ஏழாம் வகுப்பில் ஒரு பையன் வந்து சேர்ந்தான். நாலு வருஷத்தில் அவனுக்கு அது மூன்றாவது பள்ளிக்கூடம். முந்திய பள்ளியில் வேறு பாடத்திட்டம். நாம் சமன்பாடுகளை முடித்துவிட்டு முக்கோணங்களுக்குப் போயிருந்தோம். அவனோ முக்கோணங்களை முடித்துவிட்டுச் சமன்பாடுகளைக் காணாமலே வந்திருந்தான். முக்கோணம் நடத்தும்போது ஜன்னலைப் பார்த்தான். சமன்பாடு வந்தபோது தலையைக் குனிந்துகொண்டான். முன்னதைக் கவனக்குறைவு என்றும், பின்னதை மந்தபுத்தி என்றும் நாம் தீர்மானித்துவிட்டோம். இரண்டு மாதம் அப்படியே சென்றது. ஒரு நாள் அவன் தாயார் பழைய நோட்டுப் புத்தகங்களைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். பார்த்தோம், வெட்கமடைந்தோம். பையனுக்கு ஒரு குறையும் இல்லை. நடுவில் ஓர் அத்தியாயம் விடுபட்டிருந்தது, அவ்வளவுதான்.

நமது அநுபவம் ஒரு பையனைப் பற்றியது. பெருங்கணக்கு எடுத்தவர்களும் உண்டு. அமெரிக்கக் காங்கிரஸின் தணிக்கை ஸ்தாபனம் 1994-ம் வருஷத்தில் ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்நாட்டில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கினர், முதல் வகுப்பு முதற்கொண்டு மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பள்ளிகளைக் கண்டிருந்தனர். அவர்களில் 100-க்கு 41 பேர் வாசிப்பில் வகுப்புக்குரிய நிலைக்குக் கீழே இருந்தார்கள். ஒரு முறையும் மாறாதவர்களில் அவ்விதம் இருந்தவர்கள் 100-க்கு 26 பேரே.

பள்ளி மாற்றம் ஒன்றே இதற்குக் காரணம் என்று சொல்லிவிடலாகாது. அடிக்கடி ஜாகை மாறுகிறவர்கள் பெரும்பாலும் ஏழைகள். வறுமையே படிப்புக்கு ஒரு விலங்கு. ஆயினும் டெக்ஸாஸ் மாகாணத்துப் பள்ளிகளை ஆராய்ந்து 2004-ல் ஹனுஷெக், கெயின், ரிவ்கின் என்னும் மூவர் வெளியிட்ட கட்டுரை, யோசிக்க வேண்டிய மற்றொரு விஷயத்தைச் சொல்லுகிறது. வருவோரும் போவோரும் மிகுந்த பள்ளிக்கூடத்தில், இடம் பெயராத குழந்தைகளின் படிப்புங்கூடக் குன்றுகிறதாம். இதில் ஆச்சரியமில்லை. புதியவனுக்காக ஆசிரியர் பின்னே போனால் பழையவன் காத்திருக்கிறான். போகாவிட்டால் புதியவன் தொலைந்து போகிறான்.

நமது நாட்டில் சட்டம் வாசலைத் திறந்துதான் வைத்திருக்கிறது. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, தொடக்கக் கல்வி பெறும் குழந்தை சர்க்கார் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாறிச்செல்ல உரிமை அளிக்கிறது. தலைமை ஆசிரியர் உடனே சான்றிதழ் தர வேண்டும். அது வரத் தாமதமானால், அதைக் காரணமாக்கிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கலாகாது. சம்பள பாக்கியை வசூலிக்க டி.ஸி.யைக் கருவியாக்கக் கூடாது என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லிற்று. யாவும் நல்லவையே. ஆனால் சட்டம் குழந்தையை வகுப்பின் வாசல் வரையில் கொண்டுவந்து விடும்; உள்ளே உட்கார்த்தி வைப்பது நமது வேலை.

பெற்றோர்களுக்கு நாம் விண்ணப்பித்துக்கொள்வது இது: மாற்றம் தவிர்க்கக்கூடியதாயின் தவிருங்கள். தவிர்க்க முடியாதாயின், கூடுமானவரை வருஷ முடிவில் செய்யுங்கள். பழைய நோட்டுகளைப் பழைய பேப்பர்காரனிடம் போடாமல் புது ஆசிரியரிடம் காட்டுங்கள். சக ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை: புதிதாக வந்த குழந்தையை முதல் வாரத்தில் பரீட்சிக்காதீர்கள், விசாரியுங்கள். அன்பான ஒரு தோழன் பக்கத்தில் உட்கார்த்துங்கள்.

நமது பையனுக்குப் பள்ளி விட்ட பின் தினம் அரைமணியாகப் பத்து நாள் சொல்லிக் கொடுத்தோம். அற்புதம் ஒன்றும் நிகழவில்லை; முழுப் பரீட்சையில் நடுத்தரமாகத் தேறினான். ஆனால் தலையை நிமிர்த்திக்கொண்டான். மறு வருஷமே தகப்பனாருக்கு மீண்டும் மாற்றலாயிற்று. டி.ஸி. வாங்க வந்தவன் நம்மிடம் தனியே வந்து, "ஸார், அந்தப் பள்ளிக்கூடத்தில் இப்போது எந்தப் பாடம் நடக்கும்?" என்று கேட்டான்.

நமக்குப் பதில் தெரியவில்லை. ஒரு வெள்ளைக் காகிதம் எடுத்து, அவன் படித்தவை இவை, படியாதவை இவை என்று எழுதி, கையெழுத்திட்டு, டி.ஸி.யுடன் சேர்த்துக் குத்திக் கொடுத்தோம். அன்று முதல் நம் வகுப்பைவிட்டுப் போகும் ஒவ்வொரு குழந்தையுடனும் அப்படி ஒரு காகிதம் போகிறது. எந்தச் சட்டமும் அதைக் கேட்கவில்லை, தடுக்கவும் இல்லை.