யுத்தக் கணக்கைக் கம்பனிகள் முழுதாகக் காட்டட்டும்

சம்பளப் பேச்சுக்கு மேசையில் உட்கார்ந்ததுமே கம்பனிக்காரர்களுக்கு எங்கோ நடக்கும் யுத்தம் ஞாபகத்துக்கு வந்துவிடும். ஒரு தடவை உக்ரேன், இன்னொரு தடவை செங்கடல். சந்தை விழுந்துவிட்டது, கப்பல் கூலி ஏறிவிட்டது, இப்போது கூட்ட முடியாது என்பார்கள். நம்மில் சிலரும் தலையாட்டிவிட்டு வருகிறோம். தோழர்களே, தலையாட்டுமுன் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

யுத்தம் அடுத்த நாட்டையும் அடிக்கும் என்பது பொய்யல்ல. எகிப்தைப் பாருங்கள். 2023 ஒக்டோபரில் தொடங்கிய காஸா யுத்தத்தில் எகிப்து துப்பாக்கி தூக்கவில்லை. ஆனால் நவம்பரில் யேமனின் ஹூதிகள் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும், பெரிய கப்பல்கள் சுயஸ் கால்வாயை விட்டு ஆபிரிக்காவைச் சுற்றிப் போயின. 2023இல் 10.25 பில்லியன் டொலர் தந்த கால்வாய் 2024இல் 4 பில்லியன் அளவுதான் தந்தது. கடன் ஏற்கெனவே கழுத்துவரை. 2024 மார்ச்சில் 31 பவுணாக இருந்த டொலர் 50 பவுண் அளவுக்கு ஏறியது. ஜூனில், 36 வருடமாகக் கூட்டாத மானிய ரொட்டியின் விலை 5 பியாஸ்டரிலிருந்து 20 பியாஸ்டராகியது. நாலு மடங்கு! கால்வாயில் போன டொலரை ரொட்டி தின்பவனிடம் வசூலித்தார்கள்.

வரைபடத்தில் நாம் அங்கிருந்து தூரம். வியாபாரத்தில் பக்கத்து வீடு. நம் தேயிலையை வாங்குபவர்கள் யார்? ஈராக், ரஷ்யா, துருக்கி, ஈரான், லிபியா, சிரியா. குண்டு விழாத நாட்டை இந்தப் பட்டியலில் தேடத்தான் வேண்டும். ஆகவே அங்கே அடி விழுந்தால் கொழும்பு ஏலத்தில் வலிக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே செங்கடல் சண்டையால் கப்பல்கள் பாதை மாறியபோது கொழும்புத் துறைமுகத்தில் இடமாற்றுக் கொள்கலன்கள் கூடின. அந்த வரவைப் பற்றி மட்டும் யாரும் மேசையில் பேசுவதில்லை!

இப்போது 2022க்கு வருவோம். உக்ரேனில் பெப்ரவரியில் சண்டை தொடங்கியது. உலகம் ஏற்றுமதி செய்யும் கோதுமையில் கால்வாசிக்கு மேல் அந்த இரண்டு நாட்டுடையது. மே மாதம் இந்தியாவும் கோதுமை ஏற்றுமதியை நிறுத்தியது. நம் நாட்டில் டொலரும் இல்லை. அதற்கு யுத்தம் மட்டும் காரணமில்லை, கடனும் 2021 உரத் தடையும் நம் ஆட்சியாளர்களே செய்துவைத்தவை. எல்லாம் சேர்ந்து இறங்கிய இடம் லயத்து அடுப்படி. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ஆகியது. கோதுமை மா ரொட்டியை நம்பியிருக்கும் வீடுகளில் காலை ரொட்டி நின்றுபோனது. அந்த மாதங்களில் என் வகுப்பில் பத்தரை மணிக்குப் பிறகு பாடம் நடத்துவது வீண்வேலை; பசித்த பிள்ளைக்குப் பெருக்கல் வாய்ப்பாடு ஏறாது.

கம்பனிக்கு என்ன நடந்தது? 2021இல் கொழும்பு ஏலத்தில் ஒரு கிலோ தேயிலையின் சராசரி விலை 620 ரூபா அளவில் இருந்தது. 2022இல் 1,270 அளவுக்கு ஏறியது. ரூபா விழுந்ததுதான் பெரும் காரணம். கொழுந்து ஆய்பவளுக்கு விழுந்த ரூபா, டொலருக்கு விற்பவனுக்கு ஏறிய ரூபா. உற்பத்தி குறைந்ததே என்பார்கள். உண்மை, நாட்டின் மொத்த உற்பத்தி 299 மில்லியன் கிலோவிலிருந்து 251 மில்லியனுக்கு இறங்கியது. பெருக்கிப் பாருங்கள்: குறைந்த தேயிலைக்கும் எழுபது வீதம் கூடுதலான ரூபா. உரமும் டீசலும் விலை ஏறின, அதையும் கழிக்கட்டும். எவ்வளவு கழிந்தது என்று ஏட்டைத் திறந்து காட்டட்டும்.

நம் சம்பளம்? 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்த 1,000 ரூபா. அதையும் எதிர்த்துக் கம்பனிகள் நீதிமன்றம் போயின. அந்த நாட்சம்பளம் அப்போது ஏலத்தில் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தேயிலையின் விலை. அடுத்த வருடம் 800 கிராமுக்கும் குறைவு. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து போதும். பதினெட்டுக் கிலோ ஆய்ந்தால்தான் முழுப் பேர் என்று நிறுத்துப் பார்க்கும் தோட்டத்தில், நாலு கிலோ தேயிலைக்கான கொழுந்தைக் கொடுத்துவிட்டு 800 கிராமின் விலையை வாங்கி வந்தோம். 1,000 ரூபா 1,350 ஆக 2024 செப்டெம்பர்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

யுத்தத்தால் விலை விழுந்தால் நமக்குச் சம்பளம் கூடாது. விலை ஏறினாலும் கூடாது. பிறகு யுத்தத்தைப் பற்றி நம்மிடம் ஏன் பேசுகிறார்கள்?

அடுத்த பேச்சில் யுத்தம் என்ற சொல் மேசைக்கு வந்தால் நம் பிரதிநிதிகள் மூன்று கணக்குக் கேட்க வேண்டும்: அந்த மாத ஏல விலை, டொலர் விலை, கட்டிய கப்பல் கூலி யாருடைய பொறுப்பில் போனது. வாழ்க்கைச் செலவு ஏறும்போது தானாக ஏறும் சம்பளத்தையும் அதே மேசையில் வைக்க வேண்டும். தோட்டத் தலைவர்மாரும் தலைவிமாரும் இந்த மாதத்திலிருந்தே உங்கள் கடையில் கோதுமை மா, மண்ணெண்ணெய், பருப்பு மூன்றின் விலையையும் முதலாந் திகதியில் ஒரு கொப்பியில் எழுதி, மாவட்டக் கூட்டத்துக்கு வரும்போது கையோடு கொண்டு வாருங்கள்.