காவலன் கண்ணுக்குத் தமிழ் கள்வனா?



களத்துமேட்டில் நெல்லைக் குவித்துக் காவலுக்கு ஓர் ஆளை அமர்த்துகிறோம். கள்வன் வந்தால் அவன் கூவ வேண்டும். அவனோ, நெல்லுக்கு உரியவன் முண்டாசு கட்டி வந்தால் முகம் தெரியவில்லை என்று கூவுகிறான். கூவியதோடு நில்லாமல் உரியவனையே பிடித்துக் கட்டிப் போடுகிறான். இத்தகைய காவலைப் பணங்கொடுத்து வாங்கி, ஆண்டுதோறும் புதுப்பித்தும் கொள்ளும் மக்களை என்னென்பது?

யாம் கூறுவது கணினிக் காவலை. வைரசு என்று பலரும் வழங்கும் நச்சுநிரல்களைத் தடுக்க ஒரு காவல் மென்பொருளைக் கணினியில் அமர்த்துகிறோம். நச்சை அது பிடிப்பின் நன்றே. நச்சல்லாததை நச்சென்று பிடித்தால் அது பொய்யெச்சரிக்கை. எப்போதோ நேரும் சிறு பிழை என்று கணினி கற்றோர் கைவீசிச் சொல்லிவிடுகின்றனர். அப்பிழை யாருக்கு நேர்கின்றது என்று அவர்கள் கேட்பதில்லை. நாம் கேட்போம்.

2007-ஆம் ஆண்டு மே 18. அமெரிக்காவின் சைமாண்டெக்கு நிறுவனம் தன் காவல் மென்பொருளுக்குப் புதிய அடையாளப் பட்டியல் ஒன்றை அனுப்பியது. அப்பட்டியல், விண்டோசு எக்சுபி இயங்குதளத்தின் உள்ளுறுப்புகளான இரண்டு கோப்புகளை நச்சென்று முடிவுகட்டி அகற்றியது. எந்த விண்டோசு? எளிய சீன எழுத்தில் அமைந்த விண்டோசு! சீனத்தில் ஆயிரக்கணக்கான கணினிகள் மறுமுறை எழவே இல்லை. ஆங்கில விண்டோசு வைத்திருந்தவனோ அன்றும் வழக்கம்போல் வேலை பார்த்தான். அடுத்த ஆண்டு நவம்பரில், முன்பு கிரிசாப்ட்டு எனப் பெயர் கொண்டிருந்த செக்கு நாட்டு நிறுவனம் அதே எக்சுபியின் இன்றியமையாக் கோப்பொன்றை நச்சென்றது. இம்முறை வீழ்ந்தவை டச்சு, பிரெஞ்சு, இத்தாலியம், போர்த்துக்கீசியம், இசுப்பானியம் ஆகிய ஐம்மொழி விண்டோசுகள். ஆங்கிலம் அப்போதும் தப்பியது. தம் தாய்மொழி ஆங்கிலமல்லாத நாட்டார் செய்த காவலுக்கே ஆங்கிலந்தான் அளவுகோல் போலும்!

ஆங்கிலம் ஒருநாளும் அடிபட்டதில்லை என்று யாம் சொல்லவில்லை. 2010 ஏப்பிரல் 21-இல் மெக்காபி நிறுவனத்தின் பட்டியல் எக்சுபியின் உயிர்நாடிக் கோப்பையே நச்சென்று ஒதுக்க, கணினிகள் அணைந்து எழுவதும் எழுந்து அணைவதுமாய்த் தவித்தன. அமெரிக்க மருத்துவமனைகளும் ஆத்திரேலியக் கடைகளும் தடுமாறின. உடனே உலகமெங்கும் செய்தியாயிற்று. அன்றே திருத்தப் பட்டியல் வந்தது. அவர்கள் கூவினால் ஏழு கடலும் கேட்கும். தமிழன் கருவி ஒன்று ஒழிக்கப்பட்டால் அடுத்த தெருவுக்கும் கேட்பதில்லை.

இக்காவல் எவ்வாறு முடிவு செய்கின்றது என்பதை அறிந்தாலன்றி இதன் ஓரவஞ்சனை விளங்காது. முன்பே பிடிபட்ட நச்சின் அடையாளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தல் ஒரு முறை. அது பெரும்பாலும் சரியே. பட்டியலில் இல்லாதவற்றை நடத்தையாலும் பழக்கத்தாலும் எடைபோடுதல் மற்றொன்று. இக்கோப்பு எத்தனைக் கணினிகளில் உள்ளது? இதன்மேல் எண்மக் கையொப்பம் உண்டா? ஆண்டுதோறும் அயற்பணம் கட்டிப் பெறவேண்டிய கையொப்பச் சான்று அது. பலரிடம் இருப்பின் நல்லது. சிலரிடமே இருப்பின் ஐயத்திற்குரியது! அருகியிருப்பதே குற்றமாம். ஊதியம் வாங்காது இரவிரவாய்க் கண்விழித்துத் தமிழிளைஞன் ஒருவன் பிழைதிருத்தியோ குறிமாற்றியோ செய்து விலையின்றி வழங்கினால், அவனிடம் கையொப்பச் சான்றும் இராது. கோடிக்கணக்கான பயனரும் இரார். குற்றஞ்சாட்ட இவையே போதும்.

விசைப்பலகைச் செயலியின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. தமிழ்99 முறையில் ஆங்கில எச்சு எழுத்துள்ள விசையை அழுத்தினால் திரையில் ககரம் தோன்றவேண்டும். அதற்கு, அழுத்திய விசையைச் செயலி இடைமறித்து மாற்றித் தரவேண்டும். கடவுச்சொற்களைக் களவாடும் நச்சும் விசையழுத்தங்களை இடைமறித்தே திருடுகின்றது. தமிழைத் திரைக்கு அனுப்புபவனுக்கும் கடவுச்சொல்லைக் கள்வனுக்கு அனுப்புபவனுக்கும் வேற்றுமை காணாத காவலன், இருவரையும் ஒரே கயிற்றால் கட்டுகின்றான்.

எம் பள்ளியில் ஒருமுறை நிகழ்ந்தது இது. காலாண்டுத் தேர்வு வினாத்தாள் எழுத்துக்கோப்புக்கு முன்னாள் மாலை, கணினியில் தமிழ் விசைப்பலகையே இல்லை. காவல் அதனை நச்சென்று விழுங்கிவிட்டிருந்தது. பழுதுபார்க்க வந்த தம்பி சொன்னான்: "இப்போதைக்கு இங்கிலீசிலேயே அடிச்சுக்குங்க, ஐயா." தமிழ் வினாத்தாளை ஆங்கிலத்தில்! காவல் செய்த கேட்டினும் அவ்விளைஞன் வாயிலிருந்து அத்தனை எளிதாய் வந்த அச்சொல்லே எம்மைச் சுட்டது.

"இன்று இயங்குதளத்துடனேயே தமிழ் விசைப்பலகை வருகின்றதே" எனலாம். வருக! ஆனால் பழைய தாபு, தாம், திசுக்கி குறியீடுகளில் உறங்கும் நூல்களை ஒருங்குறிக்கு மாற்றுபவை யார் செய்த கருவிகள்? பெரும்பாலும் தனியார்வலர் செய்தவையே.

எளிய கணக்கொன்று பாருங்கள். ஆயிரத்தில் ஒன்று மட்டுமே பிழைபடும் காவல் என்று கொள்வோம். ஒரு கணினியில் நூறாயிரம் கோப்புகள் இருப்பின், குற்றமற்ற நூறு கோப்புகள் பிடிபடும். மெய்யான நச்சு இரண்டே இருப்பின், நூற்றிரண்டு கூச்சலில் நூறு பொய். கேட்பவன் என்ன செய்வான்? காதைப் பொத்திக்கொள்வான், அன்றிக் காவலையே அணைத்துவிடுவான். அணைப்பதும் கேடே. புகையானுக்குத் தெளித்த நஞ்சு வயற்சிலந்தியைக் கொன்றதால் புகையான் முன்னிலும் பெருகிய கதையைக் காவிரிப்படுகை உழவர் அறிவர். 2017 மே திங்களில் பணம்பறிக்கும் வானாக்கிரை நச்சு நூற்றைம்பது நாடுகளிற் கணினிகளைப் பூட்டியதையும் மறத்தலாகாது.

ஆகலின் எச்சரிக்கை தோன்றியதும் அழிக்கவும் வேண்டா; காவலை அணைக்கவும் வேண்டா. கோப்பை ஒதுக்கறையிலேயே வைத்து, அது எங்கிருந்து வந்ததென்று முதலிற் பாருங்கள். செய்தவரின் தளத்திலிருந்தே எடுத்ததா, யாரோ தந்த விரலியிலிருந்தா? பிறகு, 2004 முதல் இயங்கும் வைரசுடோட்டல் தளத்தில் ஏற்றினால் பல பத்துக் காவல்கள் ஒருங்கே ஆய்ந்து சொல்லும். ஒன்றிரண்டு மட்டும் கூவினால் பெரும்பாலும் பொய். இருபது கூவினால் ஐயமின்றி ஒழியுங்கள். புதிய நச்சை முதலிற் கண்டவன் ஒருவனே யாகவும் இருக்கலாம். அதனாலேயே பிறப்பிடத்தை முன்னே பார்க்கச் சொன்னோம். அங்கு ஏற்றுபவை பிறர் கைக்கும் போகும். மாணவர் மதிப்பெண் பட்டியலை ஏற்றிவிடாதீர்கள்! குற்றமற்றதென்று தெளிந்தபின் அக்கோப்பு ஒன்றற்கு மட்டும் விலக்களியுங்கள். முழு அடைவுக்கும் விலக்களித்தல் கதவைக் கழற்றி வைத்தல் போன்றது. காவல் நிறுவனத்திற்கும் கோப்பை அனுப்பி மறு ஆய்வு கேளுங்கள். அதற்கென்றே படிவங்கள் வைத்துள்ளனர், நம்மவர்தாம் நிரப்புவதில்லை.

தனியாள் இதற்குமேல் செய்ய இயலாது. தமிழ்நாட்டரசு 1999-இல் தமிழ்99 விசைப்பலகையை ஏற்றது. 2010-இல் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. ஆணையிட்ட கை, அவ்விசைப்பலகையைச் சுமக்கும் கருவிகளுக்குக் கையொப்பமிடக் கூடாதா? தமிழ் இணையக் கல்விக்கழகம் தமிழ்க் கருவிகளை ஆய்ந்து, நல்லவற்றிற்குத் தன் சான்றில் கையொப்பமிட்டு, அவற்றின் அடையாள எண்களைக் காவல் நிறுவனங்கள் அனைத்திற்கும் அனுப்பட்டும். ஒவ்வொரு பட்டியலும் வெளிவருமுன் அக்கருவிகளின்மேல் ஓட்டிப் பார்க்க வேண்டுமென்று கேட்கட்டும். அலுவலகங்களுக்குக் காவல் மென்பொருள் வாங்கும் ஒப்பந்தத்தில் இதனையொரு கட்டளையாகவே எழுதட்டும். பணங்கொடுப்பவன் கேட்டால் விற்பவன் செய்வான். 1991 முதல் நச்சுத்தடுப்புத் தொழில் நடத்தும் கே7 நிறுவனம் சென்னையிலேயே இருக்கின்றது; இம்மண்ணில் அத்திறன் இல்லையென்று எவரும் கைவிரித்தல் இயலாது.

உங்கள் பள்ளியில், அலுவலகத்தில், தட்டச்சுக் கடையில் எந்தத் தமிழ்க் கருவி எந்நாளில் எந்தக் காவலால் விழுங்கப்பட்டதென்று எழுதி, கல்விக்கழகத்திற்கு ஒரு படியும் எமக்கு ஒரு படியும் விடுங்கள். நாகூரிலிருந்து எம் பள்ளியின் மடல் இத்திங்களே செல்கின்றது.