ஊசி போட்டாயிற்று, உயிரணு எங்கே போனது?

மெலனோமா வெள்ளையர்களுக்கு வரும் தோல் புற்றுநோய், நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். நம்மைப் போன்ற கருநிறத் தோலில் அது உள்ளங்காலிலோ நகத்தின் அடியிலோ ஒளிந்துகொள்ளும். பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில்தான் வந்தது. 1981இல், 36 வயதில் இறந்தார். உள்ளங்காலை யார் தினமும் பார்க்கிறோம்? முற்றிய பிறகே பலருக்குத் தெரிகிறது.

முற்றிய மெலனோமாவுக்கு, நோயாளியின் சொந்த உயிரணுக்களையே மருந்தாக்கும் சிகிச்சைகள் உண்டு. அவற்றில் ஒன்று டென்ட்ரிடிக் உயிரணு ஊசி. இரத்தத்திலிருந்து எடுத்து வளர்த்த இந்த உயிரணுக்களுக்குப் புற்றுநோயின் அடையாளத்தைக் காட்டி, நிணநீர்க் கணுவுக்குள் செலுத்துவார்கள். அங்கே அவை டி-உயிரணுக்களுக்கு ஆசிரியர்கள். ஆசிரியர் வகுப்பறைக்கே போகாவிட்டால் பாடம் ஏது?

நெதர்லாந்தின் நைமேகன் நகர ஆய்வாளர்கள் இதைத்தான் சோதித்தார்கள். உயிரணுக்களில் இரும்பு ஆக்ஸைடு துகள்களை ஏற்றி, 8 மெலனோமா நோயாளிகளுக்கு, அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தபடியே ஊசி போட்டார்கள். இரும்பு, காந்தப்புலத்தைக் குலைக்கும், அதனால் எம்.ஆர்.ஐ. படத்தில் கருப்பாகத் தெரியும். 2005இல் வெளியான முடிவு அதிர்ச்சி தந்தது: 4 பேருக்கு ஊசி கணுவைத் தவறவிட்டிருந்தது! கதிரியக்கத் தடம் காட்டும் காமா கேமராவின் மங்கலான படத்தில் இந்தத் தவறு தெரியவே இல்லை.

என் வாதம் இதுதான். உயிரணு போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் 'மருந்து பலிக்கவில்லை' என்று எழுதிவிடுவது நியாயமில்லை. 2024இல் அமெரிக்கா அனுமதித்த லைஃபிலூசெல் என்ற டி-உயிரணு சிகிச்சையில், 73 பேரில் 31.5 விழுக்காட்டினருக்கே கட்டி கணிசமாகச் சுருங்கியது. அறிவித்த விலையோ 515,000 அமெரிக்க டாலர். மற்றவர்களின் உடலில் அந்த உயிரணுக்கள் கட்டியை எட்டினவா, எட்டியும் தோற்றனவா? இரண்டுக்கும் தீர்வு வேறு. இவ்வளவு செலவழிக்கும் இடத்தில், படம் பிடிக்கும் செலவைச் சேர்க்கத் தயங்குவது எனக்குப் புரியவில்லை.

(இரும்புத் துகளும் குறையற்றதல்ல. பழைய இரத்தக் கசிவும் படத்தில் அதே கருப்பாகத்தான் தெரியும். அதனால்தான், நம் தசையிலும் கொழுப்பிலும் ஏறக்குறைய இல்லாத ஃப்ளோரினை உயிரணுவில் ஏற்றிப் பார்க்கிறார்கள். இது இயற்பியல் பிடித்தவர்களுக்கான வேலை.)

பிரிக்ஃபீல்ட்ஸிலோ கிள்ளானிலோ உங்கள் வீட்டில் யாராவது, முகநூலில் வந்த 'செல் ஊசி' விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டப் புறப்பட்டால், கையெழுத்துப் போடுமுன் அங்கே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: "ஊசி போட்ட மறுநாள் அந்த உயிரணு எங்கே இருக்கும், அதை எந்தப் படத்தில் காட்டுவீர்கள்?"