முடிவு தெரியாமல் தொடர்கதை எழுதாதே!

"முப்பது அத்தியாயம் போட்டாச்சு சார், முடிவுதான் பிடிபடல" என்று நம் பழைய மாணவி ஒருத்தி பெருமையாகச் சொல்கிறாள். எனக்குக் கோபம்தான் வந்தது. வாரம் தவறாமல் காத்திருந்து படிக்கிறவர்கள் என்ன ஏமாளிகளா?

கல்கி 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வன் எழுதினார். சித்தப்பாவுக்கு ஆசை இருக்கும்வரை அரியணை எனக்கு வேண்டாம் என்று அருள்மொழி ஒதுங்கிய சேதி திருவாலங்காட்டுச் செப்பேட்டிலேயே இருக்கிறது. (நம்ம கடம்பத்தூரிலிருந்து மூன்றாவது ஸ்டேஷன்!) ஐந்து பாகமும் எத்தனை கிளை விட்டாலும் அங்கேதான் போய்ச் சேர்ந்தன. அப்படியும் பாதியில் விட்டார் என்று வாசகர்கள் குறைப்பட, முடிவுரை எழுதிப் பதில் சொன்னார். நந்தினி என்ன ஆனாள் என்று நானும் ஏங்கியவன்தான்.

"நான் சரித்திரக் கதையா எழுதுறேன்?" என்பாய். உனக்குச் செப்பேடு இல்லையம்மா, அதனால்தான் சொல்கிறேன். முப்பத்தொன்றை நிறுத்து. கடைசி அத்தியாயத்தை இன்றைக்கே ஒரு தாளில் எழுதி வை.